இரும்பு இளகிய வாரம்

மார்ச் 3

அன்புள்ள வாலு,

"என் மேல உனக்கு எப்பவாவது நம்பிக்கை இருந்திருக்கா அக்கா?" என்று பெட்டியின் மேலேயே எழுதி அனுப்பியிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. வேலைக்கு நடுவில் யோசித்துப் பார்த்தேன், பிறகும் தெரியவில்லை. பெட்டியைக் கொண்டுவந்த கூரியர்காரர் அதைப் படித்துவிட்டு, கையெழுத்து வாங்கும்போது என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். இனிமேல் இந்த மாதிரிக் கேள்விகளைப் பெட்டிக்கு உள்ளே போடு.

மற்றபடி எல்லாம் நல்லபடியாக வந்து சேர்ந்தது. சோதனைக்கான உன் ரப்பர் வில்லைகள் கறுப்பாக, வழுவழுவென்று, கோட்டுப் பொத்தான் அளவில் இருக்கின்றன. நல்ல வேலை. இதை இங்கேயே சொல்லிவிட்டேன், பிறகு சொல்லவில்லை என்று சொல்லாதே. சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருந்தபோது உன் அத்தான் ஒன்றை எடுத்து, பல் டாக்டர் புத்தி போகாமல், முன்பல்லால் லேசாகக் கடித்துப் பார்த்தார். "பிரமாதம். இதுல நாலு பல்லு செஞ்சு கட்டலாம்" என்றார். "அதை இனிமே சோதனைக்கு எடுக்க முடியாது, எச்சில்" என்றேன். உன் சார்பாக அவர் கோபித்துக்கொண்டார்.

மருத்துவமனைப் பொறியாளருக்குப் புரிகிற மாதிரி நான் என்ன அளக்கப்போகிறேன் என்று நாலு வரி கேட்டிருந்தாய். இதை அவரிடம் அப்படியே படித்துக் காட்டலாம். ரப்பர் ஆகட்டும், வேறு பாலிமர் ஆகட்டும், பாதி வில், பாதி பாகு. வில் அழுத்தத்தைத் திருப்பித் தள்ளும். பாகு நகர்ந்து கொடுக்கும், நகர்வதிலேயே அதிர்வை விழுங்கிவிடும். எவ்வளவு வில், எவ்வளவு பாகு என்பது நாம் அதை எவ்வளவு வேகத்தில் அசைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. படபடவென்று அசைத்தால் வில்லாக விறைத்து நிற்கும். மிக மெதுவாக அசைத்தால்தான் பாகு எவ்வளவு என்று தெரியும். வில்லையை இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் பசை போட்டு ஒட்டுவேன். கருவி கீழ்த் தகட்டை ஒரு முடியின் தடிமன் அளவுக்கு இப்படியும் அப்படியும் நகர்த்தும். மேல் தகடு எவ்வளவு தள்ளலை உணர்கிறது, எவ்வளவு பிந்தி உணர்கிறது என்று பார்ப்பேன். அவ்வளவுதான்.

வேகமான அசைவை எல்லோரும் அளப்பார்கள், சுருக்கமாக முடிந்துவிடும். மெதுவான அசைவில், தகடு ஒருமுறை போய்வருவதற்குள் நான் தேநீர் போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம். அந்தப் பொறுமை இல்லாததால் பெரும்பாலோர் கணக்குப் போட்டு ஊகித்துவிடுகிறார்கள். நீயும் அப்படித்தான் செய்திருக்கிறாய் என்று நீ கூட வைத்திருக்கும் அளவுத் தாளைப் பார்த்தாலே தெரிகிறது. உன் ரப்பர் பேடுகள் போகப்போகிற அறுவைக் கூடத்துக்கு வெளியே லாரி போகும்போது தரை ஊஞ்சல் போலத்தான் ஆடும். பேடுகள் மேல் ஏற்றும் மேடையின் கனமோ ஓயாமல் ஒரே பக்கமாக அழுத்திக்கொண்டிருக்கும். அதைவிட மெதுவான அசைவு கிடையாது.

இது சான்றிதழ் இல்லை. நீ என் தங்கை. சான்றிதழை வேறு லேபில்தான் வாங்க வேண்டும். இது நமக்குள். ஆனால் வருவது எதுவோ அதைத்தான் எழுதுவேன்.

போனில் பேசாமல் எழுதிக்கொள்வது நல்ல ஏற்பாடுதான். போனில் நீ "ஹலோ" சொல்லும் விதத்திலேயே எனக்குச் சண்டைக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

இப்படிக்கு,
அக்கா

*

மார்ச் 8

என் அருமை சந்தேக சிகாமணிக்கு,

சுகமா என்று கேட்கவில்லை. கேட்டால் எந்த அர்த்தத்தில் என்று திருப்பிக் கேட்பாய்.

உன் நாலு வரியைப் பொறியாளரிடம் படித்துக் காட்டினேன். "பாதி வில், பாதி பாகு" என்றதும் மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதையே நீங்க சொல்லும்போது எனக்குத் தூக்கம் வந்துச்சும்மா" என்றார். உன்னைப் பற்றிப் பெருமையாக ஒன்று கேட்டுவிட்டாய், சந்தோஷமா?

அந்த அறுவைக் கூடத்தை நேற்று உள்ளே போய்ப் பார்த்தேன். உனக்குச் சொல்ல வேண்டும். கண் அறுவைச் சிகிச்சை நடக்கிற அறைகள் நாலு. ஜன்னலுக்கு வெளியே பெரிய சாலை. கல் ஏற்றிய லாரி ஒவ்வொன்று போகும்போதும் மைக்ரோஸ்கோப்புக்குள் நோயாளியின் கண் நீச்சல் அடிக்கிறதாம். டாக்டர் கையைத் தூக்கிக்கொண்டு, லாரி போய்த் தரை அடங்கும்வரை சிலை மாதிரி நிற்கிறார். நானே பார்த்தேன். பக்கத்தில் நர்ஸ் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்கிறாள். கட்டிலையும் கருவியையும் சேர்த்து ஒரு மேடையில் ஏற்றி, அந்த மேடைக்கு நாலு மூலையிலும் என் பேடுகள். லாரி ஆடட்டும், தரை ஆடட்டும், மேடை ஆடாது. அந்த டாக்டர் கையைத் தூக்காமல் தைத்து முடிக்கிறதைப் பார்க்க வேண்டும் எனக்கு.

பட்டறையில் எல்லாம் சொன்னபடி நடக்கிறது. லாரி சீட்டு தைக்கிறவரின் ஷெட்டில் பாதியை எடுத்திருக்கிறேன் என்று சொன்னேன் இல்லையா, நடுவில் தார்ப்பாய்தான் சுவர். அவர் பக்கம் பாட்டு, என் பக்கம் ரப்பரை அச்சில் அழுத்தி வேகவைக்கிற பிரஸ் சத்தம். கலவை அரைக்கிற மில் பக்கத்தில் நின்றால் மூக்குச் சிந்தினாலும் கறுப்பு. பிரஸ் ஓட்டுகிறவர் என் முகத்தைப் பார்த்தே வேலை எப்படி என்று சொல்லிவிடுகிறார். "மேடம் சிரிச்சா ஏதோ வெந்து போச்சுன்னு அர்த்தம்" என்கிறார். இந்த வாரம் நான் முறைத்துக்கொண்டே இருக்கிறேன். அவ்வளவு நன்றாகப் போகிறது.

மாதக் கடைசியில் பேடுகள் போய்ச் சேர வேண்டும். இது நடந்தால் பட்டறை நிற்கும். நடக்காவிட்டால் வாடகைக்கு எடுத்த பிரஸ் அதன் சொந்தக்காரரிடம் திரும்பிப் போகும், நானும் டயர் கம்பெனிக்குத் திரும்பிப் போவேன். அங்கே என் நாற்காலியில் இப்போது என்னிடம் வேலை கற்றவன் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் லீவு கேட்க வேண்டியிருக்கும். நினைத்தாலே பல் கூசுகிறது. அத்தானிடம் சொல், வைத்தியம் கேட்டதாக.

ஆனால் அதெல்லாம் நடக்காது. இந்தக் கலவை எனக்குத் தெரியும் அக்கா. கையில் எடுத்தாலே தெரியும். நீ அளந்து எழுது. நான் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

உன்,
வாலு

*

மார்ச் 14

அன்புள்ள வாலு,

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பேடுகளை அனுப்பாதே.

வேகமான அசைவில் உன் தாளில் உள்ளதும் நான் அளந்ததும் ஒன்றாகவே இருக்கின்றன. அதில் உன்னை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. மெதுவாக அசைக்க அசைக்கத்தான் வில்லை விட்டுக்கொடுக்கிறது. கொஞ்சநஞ்சம் இல்லை. மிக மெதுவான அசைவில் அது ரப்பர் மாதிரியே நடந்துகொள்ளவில்லை. தள்ளினால் போகிறது, திரும்பி வர அக்கறை காட்டவில்லை. மூன்று வில்லைகள் மாற்றிப் பார்த்தேன், மூன்றும் ஒரே கதை. இதன் மேல் மேடையை ஏற்றினால் முதல் நாள் பிரமாதமாக இருக்கும், டாக்டர் கை தட்டுவார். பிறகு மேடை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நாலு மூலையும் ஒரே மாதிரி இறங்காது. சாய்ந்த மேடையில் கண்ணைத் தைக்க வேண்டிவரும்.

உன் கலவையில் ரப்பர் இழைகளை ஒன்றோடொன்று கட்டிவைக்கும் குறுக்குப் பிணைப்பு போதவில்லை என்று நினைக்கிறேன். ஒன்று வேக வைத்தது குறைவு, அல்லது கந்தகம் குறைவு. நீ மெதுவான பகுதியை அளக்காமல் கணக்கில் ஊகித்தபோதே எனக்கு இப்படித்தான் வரும் என்று தோன்றியது.

இதில் அவமானம் ஒன்றும் இல்லை. பொறியாளரிடம் தவணை கேள். கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை. ஒரு நோயாளியின் கண்ணைவிட உன் பட்டறை பெரிதில்லை, அது உனக்கே தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு மில்லில் நில்.

இப்படிக்கு,
அக்கா

*

மார்ச் 17

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. "எனக்கு இப்படித்தான் வரும் என்று தோன்றியது." இந்த ஒரு வரியை நீ எழுதாமல் இருந்திருக்கலாம்.

நான் பொறியியல் சேரப் போனபோது "நல்லா யோசிச்சியா?" என்றாய். கல்யாணத்துக்கு முந்தின நாள், பூ வைத்துவிட்டுக்கொண்டே, "நல்லா யோசிச்சியா?" என்றாய். டயர் கம்பெனியை விட்டபோதும் அதேதான். என் வீட்டுக்காரர் உனக்கு "யோசிச்சியா அண்ணி" என்று பெயரே வைத்திருக்கிறார். நான் சிரித்துக்கொள்வேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

நீ ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டறையில் நிஜமான பேடு ஒன்றை, நிஜமான கனத்தை ஏற்றி, பிப்ரவரியிலிருந்து மூலையில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் டயல் கேஜ். இறங்கினால் முள் காட்ட வேண்டும். வைத்த புதிதில் ஒரு மயிரிழை இறங்கியது, எல்லா ரப்பரும் இறங்குகிற மாதிரி. அதற்குப் பிறகு முள் அசையவில்லை. தினமும் வந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன், சில பேர் சாமி படத்தைப் பார்க்கிற மாதிரி. உன் வில்லை பாகாக ஓடுகிறது, என் பேடு பாறையாக நிற்கிறது. இரண்டும் ஒரே கலவை. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. உன் கருவி பொய் சொல்லாது, அது எனக்குத் தெரியும். அதனால் பொய் சொல்வது நானாகத்தான் இருக்க வேண்டும், இல்லையா?

நான் அனுப்பத்தான் போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

*

மார்ச் 19

அன்புள்ள வாலு,

"உங்கள்" என்று எழுதியிருந்தாய். பிறந்ததிலிருந்து நீ என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. உன் அத்தான்கூடப் படித்துவிட்டு, "இது கொஞ்சம் ஆழமான சொத்தை" என்றார்.

டயல் கேஜ் விஷயம். முள் அசையவில்லை என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. பேடு இறங்கவில்லை, அல்லது முள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மில்லிலிருந்து பறக்கிற கரித்தூள் கேஜுக்குள் போனால் அது எதையும் காட்டாது. கேஜை விரலால் தட்டிப் பார்த்தாயா? தெரிந்த தடிமனுள்ள தகடு எதையாவது கீழே வைத்துச் சரிபார்த்தாயா? நீ அளந்ததை நான் தள்ளிவிடவில்லை. அளந்த கருவியை யார் அளந்தார்கள் என்று கேட்கிறேன். எல்லோரிடமும் இதைத்தான் கேட்கிறேன். என் துறைத்தலைவரிடமே கேட்டிருக்கிறேன், அதனால்தான் நான் இன்னும் துறைத்தலைவர் ஆகவில்லை.

அனுப்புவது உன் இஷ்டம். என் முடிவில் மாற்றம் இல்லை.

அக்கா

*

மார்ச் 22

அக்கா,

கேஜைத் தட்டினேன். தகடு வைத்தும் பார்த்தேன். முள் சரியாகத்தான் ஓடுகிறது.

ஆனாலும் பேடுகளை அனுப்பவில்லை.

முந்தாநாள் வண்டி வந்து ஷெட் வாசலில் நின்றது. பெட்டிகள் கட்டித் தயார். பிரஸ்காரர், "ஏத்திடலாமா மேடம்?" என்றார். ஏத்துங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த டாக்டர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. கூடவே உன் மூஞ்சியும். எனக்கு என் கேஜ் மேல் நம்பிக்கை இருக்கிறது, ஆனால் நீ வேண்டாம் என்று சொன்ன ஒன்றை ஒரு கண்ணுக்குக் கீழே வைக்க எனக்குத் தைரியம் இல்லை. வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பொறியாளரிடம் போய், பேடுகளில் எனக்கே சந்தேகம் வந்திருக்கிறது, தவணை வேண்டும் என்றேன். அவர் கத்தவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்மா" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். வேறு ஆள் தேடுகிற குரல்.

பிரஸ்காரர் இரண்டு நாளாகத் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் போய் சீட்டு தைக்கிறவருக்குக் கைவேலை செய்கிறார். எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று அங்கே போயிருக்கிறார்.

நீ சொன்னதைக் கேட்டாயிற்று. இனி ஒன்றும் எழுத வேண்டாம்.

வாலு

*

மார்ச் 23

அன்புள்ள வாலு,

இதை நீ உட்கார்ந்து படி. என் போனை நீ எடுப்பதில்லை. எழுதுவதைத் தவிர வழியில்லை.

நேற்று இரும்பை அளந்தேன். வேண்டுமென்றேதான். உன் வில்லை அளவுக்கே ஓர் இரும்பு வட்டு கடைந்து வாங்கி, அதை உன் வில்லையை ஒட்டிய அதே விதமாகத் தகடுகளுக்கு நடுவில் ஒட்டி, அதே மெதுவான அசைவில் ஓட்டினேன். "டயல் கேஜை யார் அளந்தார்கள்" என்று உனக்கு எழுதிவிட்டு, தபாலில் போட்டுத் திரும்பி வந்தபோது, அந்த வாக்கியம் வாசல்வரை கூடவே வந்தது. என் கருவியை நான் அளந்தேனா என்று பார்த்தால், இல்லை. எந்தச் சோதனையை ஆரம்பிப்பதற்கு முன்னும் இரும்பு வட்டை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். இந்த முறை மட்டும் செய்யவில்லை.

வேகமான அசைவில் இரும்பு இரும்பாக இருந்தது. மெதுவாக்கினேன். இரும்பு இளகியது. உன் ரப்பரைப் போலவே, கிட்டத்தட்ட அதே அளவுக்கு, விட்டுக்கொடுத்து நகர்ந்தது. திரும்பி வர அக்கறை காட்டவில்லை. வட்டைக் கழற்றி, ஒட்டிய இடத்தைப் பார்த்தேன்.

பசை. வழக்கமாகப் போடுகிற, கல்லாக இறுகும் பசை அந்த வாரம் ஸ்டோரில் தீர்ந்திருந்தது. வேறு ஒன்று கொடுத்தார்கள். அதை வேகமான சோதனைகளுக்குப் போட்டிருக்கிறேன், குற்றம் சொல்ல முடியாது. மெதுவான அசைவில் அந்தப் பசையே பாகாகிவிடுகிறது. நான் அளந்தது உன் கலவையை இல்லை. உன் கலவைக்கும் தகட்டுக்கும் நடுவில் நானே தடவிய பசையை. மூன்று வில்லைகளிலும் ஒரே கதை வந்தது என்று எழுதினேனே, வராமல் என்ன செய்யும்.

இரும்பு வட்டை ஏன் முதலிலேயே ஓட்டவில்லை என்று நீ கேட்பாய். வந்த முடிவு நான் எதிர்பார்த்த முடிவாக இருந்தது. அதனால் ஓட்டவில்லை. வில்லை கெட்டியாக நின்றிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், இரும்பை ஓட்டி, பசையை மாற்றி, கருவியைக் கழற்றிப் பூட்டி, உலகத்தையே சந்தேகப்பட்டிருப்பேன்.

நல்ல பசையை வரவழைத்து இன்று காலையிலிருந்து மறுபடி ஓட்டுகிறேன். முதலில் இரும்பு. அது அசையவில்லை. பிறகு உன் வில்லைகள். மெதுவான அசைவிலும் நிற்கின்றன. உன் கேஜ் சொன்னது சரி. குறுக்குப் பிணைப்பைப் பற்றியும் கந்தகத்தைப் பற்றியும் நான் எழுதியதைக் கிழித்துப் போடு.

ஒன்று மட்டும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதிர்வை விழுங்குவதில் உன் கலவை நீ தாளில் போட்டிருப்பதைவிடக் கொஞ்சம் குறைவு. லாரி போனபின் மேடை நீ சொன்னதைவிட இரண்டொரு ஆட்டம் கூடுதலாக ஆடி நிற்கும். ஆபத்தில்லை. ஆனால் தாளைத் திருத்து.

நீ பேடுகளை அனுப்பியிருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். வாழ்க்கையில் என் பேச்சைக் கேட்காத எத்தனையோ முறைகளில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும்.

அக்கா

*

மார்ச் 25

அக்கா,

இரண்டு கடிதங்களும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையது இப்போது உன் கையில் இருக்கும்.

உன்னுடையதைப் பிரஸ் பக்கத்தில் நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்ததும் சிரிப்பு வந்தது. பிரஸ்காரர் ஓடிவந்து, "என்ன வெந்து போச்சு மேடம்?" என்றார்.

இப்போதைக்கு உன்னோடு பேச எனக்கு வார்த்தை இல்லை. திட்டவும் இல்லை. போன் செய்யாதே. பொறியாளரிடம் திரும்பிப் போய், சந்தேகம் என்று சொன்ன அதே வாயால் சந்தேகம் இல்லை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர் எதை நம்புவார்?

வாலு

*

மார்ச் 28, ரயிலில்

அன்புள்ள வாலு,

போன் செய்யாதே என்றாய், செய்யவில்லை. வராதே என்று சொல்லவில்லை.

நேற்றுத் துறையில் லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் "தவறான அளவீட்டைத் திருத்த" என்று எழுதினேன். துறைத்தலைவர் அதை நெடுநேரம் படித்தார். உன் அத்தான் ரயிலேற்ற வந்தார். "போய் என்ன பேசப்போற?" என்று கேட்டார். "அளந்ததைச் சொல்லப்போறேன்" என்றேன். "அதை அந்தப் பொறியாளர்கிட்ட சொல்லு. அவகிட்ட?" என்றார். நான் பெட்டியின் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "மயக்க ஊசி இல்லாம பிடுங்கப் போற, பாத்து" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

நாளை உன்னோடு மருத்துவமனைக்கு வருகிறேன். பொறியாளரிடம் நீ பேச வேண்டாம். பேடில் சந்தேகம் என்று நீ சொன்னது என் வார்த்தையை நம்பி. அதனால் அதை நான்தான் திருப்பி எடுக்க வேண்டும். பசை தடவிய தகடுகள், இரும்பு வட்டு, இரண்டு முறை ஓட்டிய வரைபடங்கள் எல்லாம் மடியில் இருக்கின்றன. எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாள் இரும்பு வட்டைப் பார்த்துவிட்டு, "எடைக்கல்லா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏறக்குறைய உண்மைதான்.

நீ என் அளவைக் கேட்டு வண்டியைத் திருப்பியது சரியான காரியம். அளவுதான் தப்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. அடுத்த முறையும் யாராவது கண்ணுக்கு ஆபத்து என்று சொன்னால், நீ வண்டியைத் திருப்பத்தான் வேண்டும். சொல்பவர் நானாக இருந்தால் முதலில் இரும்பு வட்டைப் பற்றிக் கேள்.

ரயில் நிறைய ஆடுகிறது. எழுத்து மோசமாக இருப்பதற்கு அது காரணம், வேறு எதுவும் இல்லை.

இதை நேரில் உன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அக்கா

மார்ச் 29

கொடுக்கவில்லை. கைப்பையிலேயே இருந்துவிட்டது. இப்போது பட்டறையில் உன் மேசையில் உட்கார்ந்து இதைச் சேர்த்து எழுதுகிறேன். நீ வெளியே சீட்டு தைக்கிறவரிடம் ஏதோ சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறாய். இன்று நடந்ததை நாளை நீ அத்தானிடம் கண், மூக்கு வைத்துச் சொல்வாய். அதனால் நடந்தபடி ஒரு பிரதி இருக்கட்டும்.

அத்தான் போன் செய்து சொல்லியிருக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வந்திருந்தாய். பெட்டியை வாங்கிக்கொண்டாய். "சாப்பிட்டியா?" என்றாய். "சாப்பிட்டேன்" என்றேன். "பொய்" என்றாய்.

பொறியாளர் நான் நினைத்ததைவிட வயது குறைந்தவர். வரைபடங்களைப் பரப்பி, பசையைப் பற்றிச் சொன்னேன். இரும்பு வட்டை அவர் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், தப்பா நினைக்காதீங்க. இப்ப நல்லா இருக்குன்னு நீங்க சொல்றது அளந்து சொல்றதா, இல்ல அக்காங்கிறதால சொல்றதா?" என்றார். நியாயமான கேள்வி. "அக்காங்கிறதாலதான் முதல் தடவை தப்பா அளந்தேன். இந்தத் தடவை சும்மா அளந்தேன்" என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நீ அழுதாய் என்று நான் எழுதவில்லை, நான் பார்க்கவில்லை.

மூன்று அறைகளை அவர் வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். அதில் மாற்றம் இல்லை. அது என் பசையால் போனது. நாலாவது, சாலையை ஒட்டிய அறை, மிச்சம் இருக்கிறது. அங்கே ஆட்டம் அதிகம் என்று அந்தக் கம்பெனி ஒதுங்கிவிட்டது. "இரண்டொரு ஆட்டம் கூடத்தான் ஆடும்னு உங்க அக்காவே சொல்றாங்க. இந்த அறைக்குத் தாங்குமா?" என்று உன்னைக் கேட்டார். அளந்துவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ, "தாங்கும் சார். பேடை இன்னும் அகலமா போட்டுத் தரேன்" என்றாய். நான் வாயை மூடிக்கொண்டேன். மாடிப்படி இறங்கும்போது, "நல்லா யோசிச்சியான்னு கேக்கலையே?" என்றாய். "கேக்கல" என்றேன். "உள்ளுக்குள்ள கேட்ட" என்றாய். அது உண்மை.

ஒரு அறைக்கான வேலையை வைத்துப் பட்டறை எத்தனை நாள் நிற்கும் என்று தெரியவில்லை. நீ கணக்குப் போட்டிருப்பாய்.

மத்தியானம் பட்டறைக்கு வந்தோம். பிரஸ்காரர் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். அச்சிலிருந்து வரும் பேடுகளின் ஓரத்துப் பிசிறை வெட்ட ஆள் இல்லை என்றாய். கத்தியை என் கையில் கொடுத்தாய். முதல் பேடில் கத்தி ஆழமாக இறங்கிவிட்டது. நீ வாங்கிப் பார்த்தாய், ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாய், கழிவுத் தொட்டியில் போட்டாய். இன்னொன்றை எடுத்துக் கொடுத்தாய்.